மஞ்சள் தேயிலை: பதமாக ஊற வைப்பது எப்படி?

கொதிக்கிற தண்ணீரில் தூளைக் கொட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்ப்பதே நமக்குத் தெரிந்த தேநீர். சீன நாட்டின் மஞ்சள் தேயிலையை அப்படிப் போட்டால், விளைவித்தவர் மூன்று நாள் பட்ட பாடு ஒரு நிமிடத்தில் வீணாகும்.

செடி நாம் அறிந்த தேயிலைச் செடிதான். மஞ்சள் நிறம் பக்குவத்தில் வருவது. ஹூனான் மாகாணத்தில் துங்திங் ஏரிக்குள் ஜுன்ஷான் என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே ஏப்ரல் தொடக்கத்தை ஒட்டி, விரியாத கொழுந்து மொட்டை மட்டும் கிள்ளுகிறார்கள். இலை சேரக் கூடாது. மொட்டைச் சட்டியில் வாட்டும்போது, அதைக் கறுக்க வைக்கும் நொதிப் பொருள் அடங்கி விடுகிறது. பிறகு அரைகுறையாக உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே தாளில் பொட்டலம் கட்டிப் பெட்டிக்குள் 40 முதல் 48 மணி நேரம் மூடி வைக்கிறார்கள். உள்ளே சூடு ஏறும் என்பதால் நடுவில் ஒரு முறை பிரித்துப் புரட்ட வேண்டும். மீண்டும் சூடு காட்டி, மீண்டும் சுமார் 20 மணி நேரம் கட்டி வைத்து, கடைசியில் நன்றாக உலர்த்துகிறார்கள். பச்சை மாறி மஞ்சளாகிறது, துவர்ப்பும் தணிகிறது. வாழைத்தாரை மூட்டம் போட்டவர்களுக்கு இதிலுள்ள கவலை புரியும். முந்தினால் காய், பிந்தினால் அழுகல்!

இனி ஊற வைக்கும் முறை. ஒரு கண்ணாடி டம்ளருக்கு, அதாவது 150 மில்லி தண்ணீருக்கு, 3 கிராம் போதும். மொட்டு இலேசானது, கரண்டிக் கணக்கு ஏமாற்றும், நிறுத்துப் போடுவதே நல்லது. உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உதவாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றிச் சற்று ஆற விடுங்கள். 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூடு சரியான பதம். டம்ளரை முதலில் வெந்நீரால் கழுவிச் சூடாக்கி, மொட்டைப் போட்டு, தண்ணீரைப் பாதி ஊற்றி நனைந்தபின் மீதியை ஊற்ற வேண்டும். 3 முதல் 5 நிமிடம் பொறுத்தால் போதும். மிதந்த மொட்டுகள் நீரை உறிஞ்சி, நாற்று நட்டதுபோல் செங்குத்தாக நின்று மெல்ல அடியில் இறங்கும். பார்க்க அழகுதான்; ஆனால் அதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

தரம் சாற்றில் தெரியும். சாறு தெளிந்த இளமஞ்சளாகவும், ஊறிய மொட்டு மஞ்சளாக மெத்தென்றும் இருந்தால் மூட்டம் சரி. பச்சைப் புல் வாடை வந்தால் மூட்டம் போதவில்லை. சாறு மங்கிப் புளித்த வாடை அடித்தால் ஈரமோ நேரமோ மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம். நாள் கணக்கில் காத்திருக்க மனமில்லாமல் மூட்டத்தைக் குறைத்து, ஏறக்குறைய பச்சைத் தேயிலையையே மஞ்சள் என்று விற்பதும் நடக்கிறது. ஆன்ஹுவெய் மாகாணத்து ஹுவோஷான் தேயிலை பற்றி இந்தக் குறை அடிக்கடி சொல்லப்படுகிறது. முறைப்படி மூட்டம் போடுகிறவருக்கு இது நேரடி நஷ்டம். விலை கேட்பவர் பொட்டலத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றே. டம்ளரில் ஊற்றினால்தான் வேறுபாடு தெரியும்.

பால் வேண்டாம். அதே மொட்டில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் கூடுதலாக ஊற விட வேண்டும். மீதித் தேயிலையைக் காற்றுப் புகாத டப்பாவில், மசாலா வாடை அண்டாத இடத்தில் வைக்கவும்.