முதலாளியோடு கட்டிய பெர்மிட்



ஜாசினிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இப்போதுள்ள சாப்பாட்டுக் கடையை விட்டு, கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லும் மலாக்கா டவுன் கடைக்கு மாறலாமா, இப்படியே பத்து வருடம் ஓட்டிவிட்டால் மலேசியாவில் பி.ஆர். (நிரந்தரவாசம்) கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதலுக்காக எதையாவது சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

பெர்மிட்டில் இருப்பது உங்கள் பெயர்தான். ஆனால் அது உங்கள் இப்போதைய முதலாளியிடம், இப்போதைய வேலையைச் செய்வதற்காகக் கொடுக்கப்பட்டது. லெவி கட்டி வருடா வருடம் புதுப்பிப்பவரும் அவரே. நீங்கள் சொல்லாமல் கிளம்பி, 'ஆள் ஓடிவிட்டான்' என்று அவர் புகார் கொடுத்தால் பெர்மிட் ரத்தாகும். அப்புறம் நீங்கள் கோசோங், அதாவது பெர்மிட் இல்லாத ஆள். புதுக் கடைக்காரர் பேசிய சம்பளத்தைத் தராவிட்டாலும் வாய் திறந்து கேட்க முடியாது. முறைப்படி மாறுவதென்றால் பழைய முதலாளி விடுவிக்க வேண்டும், இமிகிரேசனும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் கூடி வருவது அரிது.

இந்த பெர்மிட்டில் எத்தனை வருடம் உழைத்தாலும் அது பி.ஆருக்கு வழிவிடாது. இங்குள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டால் கிடைக்கும் என்று ஏஜெண்ட் சொன்னாராம். பெர்மிட் காலத்தில் இங்கே கல்யாணம் செய்யக்கூடாது என்பதே அதன் நிபந்தனை. குடிமக்களை மணந்தவர்கள்கூட நீண்டகாலப் பாஸில் 5 ஆண்டுகள் தங்கிய பிறகுதான் மனுப் போடலாம். போட்டுவிட்டுக் காத்துக் கிடப்பவர்கள் ஏராளம்.

இந்தக் கொடுமை உங்களோடு தொடங்கியதல்ல. 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. 1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு அது இறுக்கமாக அமலானது. சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) வைத்துக்கொண்டு பல காலம் பால்மரம் வெட்டியவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. அதற்கு முன்பே 1957-இல் குடியுரிமைக்கு மனுப் போட வாய்ப்பு இருந்தது. ஆனால் தோட்டத்து லயத்து வீடுகளில் பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆளும் இல்லை. அந்த ஆண்டுகளில் தோட்டங்களும் துண்டாடப்பட்டு வேலை சுருங்கியது. இந்தச் சட்டம் இறுகியபோது ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தாங்களே மறந்துபோன ஊர்களுக்குத் திரும்பியவர்கள் அவர்களில் உண்டு.

அதை அனுபவித்த சமூகத்தின் கடைகளிலேயே உங்களைப் போன்றவர்கள் இன்று கட்டுண்டு கிடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே தொழிலுக்குள் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். அது கிடைக்கும்வரை சம்பளமும் சாப்பாடும் முதலாளியின் மனசைப் பொறுத்ததாகவே இருக்கும்.

பாஸ்போர்ட் கல்லாப்பெட்டி இழுப்பறையில் பூட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பணிவாக, ஆனால் சாட்சி வைத்துக்கொண்டு கேளுங்கள். பெர்மிட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து ஊரில் வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள். சம்பளப் பாக்கி இருந்தால், பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே லேபர் ஆபிசுக்குப் போங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளியையும் காக்கும். பி.ஆர். வாங்கித் தருவதாகச் சொல்லும் அந்த ஏஜெண்டுக்கு மட்டும் ஒரு வெள்ளிகூடக் கொடுத்துவிடாதீர்கள், தம்பி.