தண்ணீர் பட்டா கேட்பதில்லை

பள்ளிக்கரணை பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். ‘இங்கே தண்ணீரே நிற்காது’ என்கிறார் புரோக்கர். நம்பலாமா? முன்பெல்லாம் இல்லாத வெள்ளம் இப்போது ஏன் வருகிறது?
– வாசகி, மேடவாக்கம்

புரோக்கர் இதை ஏப்ரலில் சொல்லியிருப்பார். நவம்பரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்!

வெள்ளம் முன்பும் வந்ததம்மா, அங்கே நாம்தான் இல்லை. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் வந்து சேரும் கழுவெளி அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகும். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது இன்று சுமார் 700 ஹெக்டேர். ஒரு பக்கம் பெருங்குடி குப்பை மேடு. இன்னொரு பக்கம், 2000-இல் டைடல் பார்க் திறந்த பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுக ஐ.டி. வேலை, கூடவே அடுக்குமாடிகள். ஆட்கள் வந்த வேகத்தில் வடிகால் வரவில்லை. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தபோது முக்கால்வாசிக்கு மேல் போயாகிவிட்டது.

சர்வே எண்ணை வாங்குங்கள். வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏரி, வாய்க்கால், கழுவெளி என்று ஒரு சொல் கண்ணில் பட்டாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்தத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், 2015 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். கையை முழங்காலில் வைத்துக் காட்டுகிறாரா, இடுப்பிலா என்று மட்டும் கவனியுங்கள்.