வேலை நம்மைத் தேடி வர... எல்லையோர வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கமானாலும் சரி, மூணாறு, மறையூர், குமுளி பக்கமானாலும் சரி, படித்து முடித்த பிள்ளைகள் பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதிலேயே பாதிக் காசு போய்விடுகிறது. ஆன்லைனில் ஒரு ப்ரொஃபைலை ஒழுங்காகப் போட்டு வைத்தால் ஹெச்.ஆர். காரர்களே கூப்பிடுவார்கள். வீட்டில் இருக்கும் ஃபோனே போதும்.

1. காசில்லாததை முதலில் முடித்துவிடுங்கள். மத்திய அரசின் என்.சி.எஸ். வேலைவாய்ப்புத் தளம் 2015-லிருந்து இருக்கிறது. கேரள நாலெட்ஜ் எகானமி மிஷனுக்கு டி.டபிள்யூ.எம்.எஸ். என்ற தளம் உண்டு. நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும்கூட ப்ரொஃபைல் போடுவது இலவசம்தான். "பணம் கட்டினால் உங்களை மேலே காட்டுவோம்" என்று வந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவிடுங்கள்.

2. அக்ஷயாவிலோ பக்கத்து கம்ப்யூட்டர் சென்டரிலோ பதிந்தாலும், மொபைல் நம்பரும் மெயிலும் நம்முடையதாகவே இருக்கட்டும். சென்டர்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், இன்டர்வியூ அழைப்பும் அவருக்கே போகும்! பாஸ்வேர்டை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்; கிளம்பும்போது மறக்காமல் லாக்-அவுட் செய்யுங்கள்.

3. நமக்கு இனிஷியல் பேருக்கு முன்னால்; இங்கே மலையாளிகள் பலருக்குப் பேருக்குப் பின்னால். எம். செல்வி, செல்வி எம்., செல்வி முருகன் என்று மூன்று தளத்தில் மூன்று விதமாகப் போட்டால் பின்னால் சர்ட்டிஃபிகேட் பார்க்கும்போது தலைவலி. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள்.

4. இதுதான் நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். ஹெச்.ஆர். காரர் ஊர்ப்பெயரை வைத்துத்தான் சலிப்பார். "கோயம்புத்தூர்" என்று தேடுகிறவர் கண்ணில் "வேலந்தாவளம்" படவே படாது. வேலை செய்ய விரும்பும் ஊர் என்ற இடத்தில் பாலக்காட்டுக்காரர்கள் பாலக்காடு, கோயம்புத்தூர், கொச்சி மூன்றையும், இடுக்கிக்காரர்கள் கொச்சி, கோட்டயம், தேனி, மதுரையையும் சேர்த்துப் போடுங்கள். மாநில எல்லை செக்போஸ்ட்டுக்குத்தான், ப்ரொஃபைலுக்கு இல்லை.

5. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றையும் மொழிப் பகுதியில் தனித்தனியாகக் குறியுங்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று சின்ன வயசிலிருந்தே பேசுவதால் இதை நாமே ஒரு தகுதியாக நினைப்பதில்லை. ஆனால் பாலக்காட்டு நோயாளிகள் வந்து குவியும் கோவை ஆஸ்பத்திரி, தேக்கடி ஹோட்டல் ரிசப்ஷன், கஸ்டமர் கேர் எல்லாவற்றுக்கும் இந்த இரட்டை மொழிக்காரர்கள்தான் தேவை. நௌக்ரியில் படிக்க, எழுத, பேச என்று தனிக் கட்டங்கள் இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்து மலையாளம் எழுத வராதென்றால் "பேச" மட்டும் டிக் செய்யுங்கள், அதுவே போதும்.

6. பேருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் "வேலை தேடுகிறேன்" என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். "பி.காம்., டேலி, ஜி.எஸ்.டி., 2 வருட அனுபவம், தமிழ்-மலையாளம்" என்று எழுதினால் அந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிடும்.

7. நமக்குப் பிடித்த வேலைக்கு வந்திருக்கும் நாலைந்து விளம்பரங்களைப் பாருங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களில் நமக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்து நம்ம ப்ரொஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கஞ்சிக்கோடு, கோவை கம்பெனிகள் "சி.என்.சி. ஆபரேட்டர்" என்று தேடும்போது "மெஷின் வேலை தெரியும்" என்று எழுதியவரை யாருக்குத் தெரியும்?

8. எஸ்டேட் வேலையை மறைக்க வேண்டாம், பேரை மட்டும் மாற்றுங்கள். கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவர் "சூப்பர்வைசர்: ஆள் வருகை, சம்பளக் கணக்கு, ஸ்டாக்" என்று போடலாம். ஏலக்காய் ஸ்டோரில் எடை, தரம் பார்த்தவர்கள் அதைக் கட்டாயம் எழுதுங்கள். ஏலம் புத்தடியிலும் நடக்கிறது, மலைக்குக் கீழே போடியிலும் நடக்கிறது, இந்த அனுபவத்துக்கு இரண்டு பக்கமும் மதிப்பு உண்டு.

9. பேப்பர் பயோடேட்டாவை ஃபோட்டோ பிடித்து ஏற்றினால் தேடலில் அகப்படாது. கூகுள் டாக்ஸில் காசில்லாமல் டைப் செய்து பி.டி.எஃப். ஆக்குங்கள், ஃபைலுக்கு "நியூ ஃபைனல் 2" என்றில்லாமல் உங்கள் பேரையே வையுங்கள்.

10. பி.எஸ்.சி. துளசி ப்ரொஃபைலுக்காக எடுத்த, கீழே பேரும் தேதியும் அச்சிட்ட ஃபோட்டோவை இங்கே போடாதீர்கள். காலை வெளிச்சத்தில், வெள்ளைச் சுவர் ஓரமாக நின்று வீட்டிலேயே ஒன்று எடுத்தால் ஸ்டூடியோ செலவு மிச்சம்.

11. எப்போது சேர முடியும் என்ற கேள்வியைக் காலியாக விடாதீர்கள். கையில் வேலை இல்லாதவர்கள் "உடனே" என்று போட்டால் அவசரத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

12. வாரம் ஒரு தடவை உள்ளே போய் ஒரு வரியையாவது திருத்திச் சேமியுங்கள். சமீபத்தில் வந்துபோனவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி ஹெச்.ஆர். காரர்களுக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வேகும் நேரத்தில் முடிந்துவிடும்.

13. 0422 கோவை, 0484 கொச்சி, 044 சென்னை, 080 பெங்களூரு. இந்த நம்பர்களில் தொடங்கும் அழைப்பை "லோன் வேணுமான்னு கேப்பாங்க" என்று வெட்டிவிடாதீர்கள். மழைக்காலத்தில் மலையில் ரேஞ்ச் போய்விடும் என்பதால், கீழே இருக்கும் அக்கா, சித்தி நம்பர் ஒன்றையும் இரண்டாவதாகக் கொடுத்து வையுங்கள்.

14. ஆதார், பேங்க் கணக்கு எண், வீட்டுக் கதவு எண் எதுவும் ப்ரொஃபைலில் வேண்டாம். ஊரும் பின்கோடும் போதும்.

15. வேலை கொடுக்கிறவர் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று ஆரம்பித்தாலே ஃபோனை வையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். வளைகுடா வேலை என்றால் ஏஜென்ட்டின் லைசென்ஸை இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். கேரள அரசின் ஒடெபெக் நிறுவனம் 1977-லிருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறது, அங்கேயும் ஒரு பதிவு போட்டு வையுங்கள்.

16. ஆன்லைன் வந்துவிட்டதென்று எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டையைக் கைவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்த மாதத்தை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் சீனியாரிட்டி தப்பிக்கும்.

17. வேலை கிடைத்ததும் ப்ரொஃபைலை அழித்துவிடாதீர்கள், மறைத்து மட்டும் வையுங்கள். அடுத்த தடவை வேலை மாறும்போது முதலிலிருந்து டைப் அடிக்கிற பாடு இருக்காது.