துண்டுப் பென்சிலும் துயர் ஆற்றும்

பினாங்கு ஜார்ஜ்டவுனின் ஒரு பகுதியாகிய ஜெலுத்தோங், ஒரு மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அம்மரத்தின் பாலிலிருந்து சூயிங் கம் செய்தனர். இலேசான அதன் கட்டை பென்சிலுக்கும் சித்திரப் பலகைக்கும் பயன்படுகிறது. பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்பதை 1770-இல் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் எழுதி வைத்தார். ஆகவே, வரையும் பொருளும் அழிக்கும் பொருளும் பால்மரம் சீவிய நம் மக்களுக்கு அந்நியமானவை அல்ல. இவற்றைக் கொண்டு மனத்துயரையும் ஆற்றிக்கொள்ளலாம் என்றால் சிலர் வியக்கக்கூடும்.

1938-இல் காசநோயுற்று இங்கிலாந்தில் ஒரு மருத்துவ விடுதியில் படுத்திருந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், கட்டிலருகே கண்ணில் பட்டவற்றை வரைந்தார். அதனால் மனச்சோர்வு குறையக் கண்டு, உடனிருந்த நோயாளிகளையும் வரையத் தூண்டினார். ஓவியச் சிகிச்சை என்னும் பெயரை 1942-இல் வழங்கியவர் அவரே.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இலங்கையின் மட்டக்களப்பில் உள்ளது. போர் நடந்துகொண்டிருந்த 1996-ஆம் ஆண்டில், கனடிய ஓவியர் பால் ஹோகனும் பால் சற்குணநாயகம் அடிகளாரும் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டினர். கண்ட கொடுமையைக் கூறச் சொல் வராத பிள்ளைக்குக் களிமண்ணே வாயாக அமைந்தது.

போர் இல்லாத நாட்டிலும் பிள்ளைகளுக்குத் துயர் உண்டு. தந்தையை இழந்த பிள்ளை, தோட்டம் துண்டாடப்பட்டதால் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்து தோழர்களைப் பிரிந்த பிள்ளை ஆகியோரை நாம் அறிவோம். இவர்களுக்காக விலையுயர்ந்த வண்ணப்பெட்டி வாங்க வேண்டியதில்லை. பழைய நாட்காட்டியின் பின்புறம் நல்ல தாள். அடுப்புக்கரி கறுப்பு, தேயிலைச் சாயம் பழுப்பு. மஞ்சள்தூளில் சிறிது வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். (சுண்ணாம்பைப் பெரியவர்களே கலக்க வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.) சங்குப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால் நீலம் கிடைக்கும், எலுமிச்சைச் சாறு விட்டதும் அது ஊதாவாக மாறும். வாய் திறவாத பிள்ளையும் அதைக் கண்டு ஒரு சொல் பேசக்கூடும். தென்னை ஈர்க்கில் பஞ்சைச் சுற்றினால் தூரிகை. நாள்தோறும் வாசலில் கோலமிடும் பாட்டிக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை.

பெரியவர்கள் நடந்துகொள்ளும் முறையில்தான் பயன் அடங்கியிருக்கிறது. யானைக்கு ஐந்து கால் இருந்தால் திருத்த வேண்டாம், இது தேர்வன்று. ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்குச் சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைப்பது எளிதன்று என்பதை அறிவேன். கறுப்புத் தீட்டினால் துக்கம், சிவப்புத் தீட்டினால் கோபம் என்று பொருள் கூறுவதும் தவறு. அன்று கையில் கரி மட்டுமே கிடைத்திருக்கலாம் அல்லவா? “தம்பி, இதைப் பற்றிச் சொல்கிறாயா?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். கிழித்தெறிய விரும்பினால் கிழிக்கட்டும்; தாள் அவனுடையது.

எனினும் ஓவியம் மருத்துவத்திற்கு மாற்றாகாது. பிள்ளை இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சரிவர உறங்காமலோ உண்ணாமலோ இருந்தால் அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். தன்னை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினாலோ வரைந்தாலோ ஒருநாளும் தாமதிக்கலாகாது. பிள்ளை இசைந்தால் படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்ல முடியாததை மருத்துவரிடம் காட்ட அவை உதவும்.