மூன்றுக்கு மேல் கூடாது

மேசைப் போர் விளையாட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் புள்ளி விலை உண்டு. இரு தரப்புக்கும் மொத்தப் புள்ளி சமம் என்றால் படையும் சமம்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். விலையை மீறிய வலிமை ஒரு பிரிவுக்கு வாய்த்துவிட்டால் கணக்கு பிசகிவிடும். 2017-இல் வெளிவந்த வார்ஹேமர் 40,000 எட்டாம் பதிப்பில், சிறகுள்ள ஹைவ் டைரண்டுகளை வரிசையாக அடுக்கியவர்கள் இதை நன்றாகவே காட்டினார்கள்.

2018 ஏப்ரலில் கேம்ஸ் வொர்க்‌ஷாப், போட்டிகளுக்கு ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது. 2,000 புள்ளிப் படையில் ஒரே பிரிவு மூன்று முறைதான்; 1,000 புள்ளிக்கு இரண்டு. அடிப்படைத் துருப்புகளுக்கு விலக்கு. ஒரே பெட்டியை ஏழு தடவை வாங்க வசதியில்லாத என் போன்ற மாணவர்களுக்கு இது பெரிய நிம்மதிதான்!

ஆனால் இவ்வரம்பு பெயரை எண்ணுகிறதே தவிர, வலிமையை எண்ணுவதில்லை. பிரிவுகள் மலிந்த ஸ்பேஸ் மரீன்கள் ஏறக்குறைய அதே ஆற்றலை வேறொரு பெயரில் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். பிரிவுகள் குறைந்த கஸ்டோடீஸுக்கு அந்த வழி குறுகியது.