ஐரோப்பிய ஒற்றுமையும் இளைஞர் பங்கும்

பல நாடுகள் ஒன்றுபடுவது எவ்வாறு? அரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்டால் போதும் என்பர் சிலர். மக்கள் மனம் ஒன்றாவிடின் ஒப்பந்தம் வெறும் தாளே என்பர் வேறு சிலர். இவ்விரு கருத்துகளையும் ஆராய்வதற்கு ஐரோப்பாவின் வரலாறு நல்ல சான்றாகும்.

பிரான்சும் ஜெர்மனியும் 1870 முதல் 1945 வரையுள்ள எழுபத்தைந்து ஆண்டுகளில் மூன்று முறை போரிட்டன. இப்பகையை வேரறுக்க எண்ணிய பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் ராபர்ட் ஷூமான், இருநாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது ஆட்சியின்கீழ் வைக்கலாம் என்று 1950 மே 9-ஆம் நாள் அறிவித்தார். அடுத்த ஆண்டில் ஆறு நாடுகள் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1957-இல் ரோமாபுரியில் பொதுச் சந்தை ஒப்பந்தம் ஏற்பட்டது. இவை மேலிருந்து நடந்த வேலைகள்.

கீழிருந்தும் வேலை நடந்தது. 1950 ஆகஸ்டு 6-ஆம் நாள், பல நாட்டு மாணவர் சுமார் 300 பேர் விஸ்ஸம்பூர் நகருக்கு அருகே பிரெஞ்சு-ஜெர்மானிய எல்லையில் கூடினர். எல்லைத் தடைக்கட்டைகளைப் பெயர்த்தெறிந்தனர். ஐரோப்பாவுக்கு ஒரு பொதுப் பாராளுமன்றம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதே ஆண்டில் பிரான்சின் மோன்பெலியாரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் நட்பு நகரங்களாயின. மோன்பெலியார் நகரத் தலைவர் லூசியன் தாராடன், புக்கன்வால்டு நாஜிச் சிறைமுகாமில் வாடி மீண்டவர். அத்தகையவரே ஜெர்மானியரோடு நட்புக்கொள்ள முன்வந்தார் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

1962 செப்டம்பரில் அதே லுட்விக்ஸ்பர்க்கில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டி கால், ஜெர்மானிய இளைஞரை நோக்கி ஜெர்மன் மொழியிலேயே பேசினார். 1963 ஜனவரி 22-ஆம் நாள் அவரும் ஜெர்மானியப் பிரதமர் அடனாவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பயனாகப் பிரெஞ்சு-ஜெர்மானிய இளைஞர் அலுவலகம் பிறந்தது. இதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. இரு அரசுகளும் பணம் தருகின்றன. ஆனால் பள்ளிகள், விளையாட்டுக் கழகங்கள், இளைஞர் சங்கங்கள், நட்பு நகரக் குழுக்கள் ஆகியவையே பெரும்பாலும் நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. இதுவரை தொண்ணூறு லட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர் இதில் பங்குகொண்டுள்ளனர். நேற்றுவரை பகைவன் என்று கேள்விப்பட்டவனின் வீட்டில் உணவருந்திய பிள்ளைக்கு, பகையைப் பற்றிய பாடம் எளிதில் ஏறாது.

1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. பின்னர் தொழிற்கல்வி பயில்வோருக்கும் அவ்வாய்ப்பு விரிந்தது. ஒற்றுமை படித்தவருக்கு மட்டுமே உரிய உடைமையாகிவிட்டால் அது நிலைக்காதன்றோ?

இவ்வளவும் செய்தும் குறை இல்லாமற் போகவில்லை. 2005-இல் ஐரோப்பிய அரசியல் சட்டம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது, பிரெஞ்சு மக்களில் ஏறக்குறைய 55 விழுக்காட்டினரும், நெதர்லாந்து மக்களில் 61 விழுக்காட்டிற்கு மேற்பட்டோரும் வேண்டாம் என்றனர். காரணங்கள் பல. எங்கோ பிரஸ்ஸல்சில் இருப்போர் நம்மைக் கேளாமல் முடிவு செய்கிறார்கள் என்ற மனக்குறையும் அவற்றுள் ஒன்று.

இதற்கு மாற்றாக, லிஸ்பன் ஒப்பந்தம் மக்களுக்கு ஒரு வழி வகுத்தது. 2012 முதல், குறைந்தது ஏழு நாடுகளில் பத்து லட்சம் பேர் கையொப்பமிட்டால், ஐரோப்பிய ஆணையம் அக்கோரிக்கையை ஆராய்ந்து காரணங்களோடு விடை கூற வேண்டும். ஏற்றே தீர வேண்டும் என்பதில்லை. முதலில் வெற்றி கண்டது, குடிநீர் மனித உரிமை என்ற கோரிக்கை. தொழிற்சங்கங்களும் பொதுநலச் சங்கங்களும் 16 லட்சத்திற்கு மேற்பட்ட செல்லத்தக்க கையொப்பங்களைத் திரட்டின. 2020-இல் திருத்தப்பட்ட குடிநீர்ச் சட்டத்தில், எளியோருக்கும் நீர் கிடைக்கச் செய்யும் கடமை இடம்பெற்றது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. எனினும் கேட்டவர் குரல் சட்டத்தை எட்டியது.

பிரெஞ்சு-ஜெர்மானிய அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு, போரால் புண்பட்ட மேற்குப் பால்கன் பகுதியிலும் 2016-இல் ஓர் இளைஞர் ஒத்துழைப்பு அலுவலகம் நிறுவப்பட்டது. செர்பியா, கொசோவோ, போஸ்னியா, அல்பேனியா, மாண்டினிக்ரோ, வட மாசிடோனியா ஆகியவற்றின் பிள்ளைகள் அதன்வழிக் கூடிப் பழகுகின்றனர்.

ஆகவே, முதலில் கூறிய இரு கருத்துகளும் பாதி உண்மைகளே. ஒப்பந்தம் வாயிலைத் திறக்கும். உள்ளே நடந்து செல்ல வேண்டியவர் மக்கள். பல மொழியாரோடு ஒரே விடுதியில் உண்டு உறங்கும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. பக்கத்து அறை நண்பனின் மொழியில் பத்துச் சொற்களேனும் நாம் கற்றிருக்கிறோமா?