எண்பது வயதிலும் ஆடலாம்

சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் கேரம் ஆடியதை நாற்பது வயதுக்காரர் ஒருவர் அலுவலகத்தில் தாராளமாகச் சொல்வார். செஸ் என்றால் கொஞ்சம் மரியாதையும் கூடும். அதே இரண்டு மணி நேரம் வீடியோ கேம் ஆடியிருந்தால் வாயைத் திறக்க மாட்டார். "இந்த வயசுலயா?" என்று கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தொண்ணூறுகளில் டிவியில் கேசட் செருகி மரியோ ஆடியவர்களும், அதற்குப் பிறகு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடியவர்களும் இன்று பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வாழ்க்கையின் நடுவில் நிற்கிறார்கள். அவர்களில் பலர் ஆட்டத்தை விடவில்லை. வெளியே சொல்வதைத்தான் விட்டுவிட்டார்கள்.

மறைக்க ஒரு காரணமும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளத் தகுந்த பொழுதுபோக்கு இது. ஆனால் இதைத் திட்டுகிறவர்களைப் போலவே, தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்களும் தவறான செய்திகளைப் பரப்பியிருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். வளர்ந்ததும் விட்டுவிட வேண்டும்.

வரலாறு வேறு கதை சொல்கிறது. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்கு வந்த பார்வையாளர்களுக்காக, வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஆசிலாஸ்கோப் திரையில் இருவர் டென்னிஸ் ஆட வழி செய்தார். மிக ஆரம்பகால வீடியோ கேம்களில் அது ஒன்று. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழைத் தாண்டியிருந்தது. 1972இல் அடாரி நிறுவனத்தின் 'பாங்' முதன்முதலில் வைக்கப்பட்ட இடம் கலிஃபோர்னியாவில் ஒரு மதுக்கூடம். குழந்தைகள் பொருள் என்ற முத்திரை பின்னால்தான் அழுத்தமாக விழுந்தது. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை படுத்துவிட, கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே விலகிப் போனார்கள். 1985இல் அங்கே நுழைந்த நின்டெண்டோ, தன் கருவியோடு ஒரு ரோபோ பொம்மையைச் சேர்த்து விளையாட்டுச் சாமானாக விற்றது. பிழைப்புக்காக ஒரு நிறுவனம் எடுத்த அந்த முடிவின் நிழல் இன்னும் நம் வரவேற்பறைகளில் விழுந்து கிடக்கிறது.

ஜப்பானைச் சேர்ந்த ஹமாகோ மோரி 1930இல் பிறந்தவர். 1981இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, தன் முதல் கன்சோலை வாங்கினார். 2020இல், தொண்ணூறாவது வயதில், உலகின் மிக வயதான கேமிங் யூடியூபர் என்று கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. அவர் விரும்பி ஆடியவற்றில் 'கால் ஆஃப் டூட்டி' மாதிரியான வேகமான துப்பாக்கி ஆட்டங்களும் உண்டு.

வயதானால் கை வேகம் குறையாதா? குறையும். அதை மறுக்க வேண்டியதில்லை. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தார் 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசி 2014இல் வெளியிட்டார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு நிலவரத்தைப் பார்த்து எதிர்வினை காட்டும் வேகம் 24 வயதிலிருந்தே மெல்லச் சரியத் தொடங்குகிறது. படித்ததும் மனம் தளரும் செய்திதான். ஆனால் அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருகிறது: மூத்த ஆட்டக்காரர்கள் எளிய உத்திகளைக் கையாண்டும், ஆட்டத்தின் வசதிகளைத் திறமையாகப் பயன்படுத்தியும் அந்த இழப்பை ஈடுகட்டுகிறார்கள். வேகம் போன இடத்தில் பக்குவம் வந்து உட்கார்கிறது.

நம்பிக்கை: கேம் ஆடினால் மூளை மழுங்கும். எதிர் நம்பிக்கை: கேம் ஆடினால் மூளை கூர்மையாகும்.

முதலாவதை எளிதாகத் தள்ளிவிடலாம். இரண்டாவதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது.

2003இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஷான் கிரீன், டாஃப்னி பாவெலியர் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கேம் பழக்கமே இல்லாதவர்களில் ஒரு குழுவை 'மெடல் ஆஃப் ஹானர்' என்ற போர் ஆட்டத்தையும், இன்னொரு குழுவை 'டெட்ரிஸ்' ஆட்டத்தையும் நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் ஆட வைத்தார்கள். போர் ஆட்டம் ஆடியவர்களுக்குப் பார்வைக் கவனம் கூடுதலாக மேம்பட்டிருந்தது: திரையின் ஓரத்தில் தோன்றி மறைவதைக் கவனிப்பது, ஒரே நேரத்தில் பல பொருட்களைக் கண்ணில் வைத்திருப்பது போன்றவை. 2009இல் பாவெலியரும் சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். அதிரடி ஆட்டப் பயிற்சி பெற்றவர்களால், சாம்பல் நிறத்தின் அடுத்தடுத்த சாயல்களுக்கு இடையிலான மெல்லிய வேறுபாட்டை முன்பைவிட நன்றாகப் பிரித்தறிய முடிந்தது. மங்கிய வெளிச்சத்தில் வண்டி ஓட்டும்போது கைகொடுக்கும் திறன் அது.

முதியோர் பக்கம் 2013இன் 'நியூரோரேசர்' ஆய்வு புகழ்பெற்றது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஆடம் கஸாலியின் குழு, காரை ஓட்டிக்கொண்டே குறிப்பிட்ட அடையாளங்களுக்கு மட்டும் பட்டனை அழுத்தும் ஓர் ஆட்டத்தைத் தாங்களே உருவாக்கியது. 60 முதல் 85 வயது வரை உள்ளவர்கள் ஒரு மாதத்தில் 12 மணி நேரம் ஆடினார்கள். இரண்டு வேலையை ஒருசேரச் செய்யும் அந்தத் திறனில், பயிற்சி பெறாத இருபது வயதுக்காரர்களையும் அவர்கள் முந்தினார்கள். ஆறு மாதம் கழித்தும் முன்னேற்றம் தங்கியிருந்தது.

இதுவரை நல்ல செய்தி. இதைப் பிடித்துக்கொண்டுதான் "மூளைப் பயிற்சி" செயலிகள் கடை விரித்தன. 2010இல் 11,430 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையில், அப்படிப்பட்ட பயிற்சிகளை ஆறு வாரம் செய்தவர்கள் அந்தந்தப் பயிற்சியில் மட்டுமே தேறினார்கள். பொதுவான சிந்தனைத் திறன் கூடியதற்கு அடையாளம் இல்லை. ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த குற்றச்சாட்டில், அத்தகைய செயலியை விற்ற லுமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆகவே, மறதி வராமல் இருக்க வேண்டும் என்று கஷாயம் குடிப்பதுபோல் முகம் சுளித்துக்கொண்டு யாரும் கேம் ஆட வேண்டாம். பிடித்ததை ஆடுங்கள். கண்ணுக்கும் கவனத்துக்கும் சின்னதாக ஒரு லாபம் கிடைத்தால் அது உபரி.

நம்பிக்கை: கேம் ஆடுகிறவர்கள் மனிதர்களிடமிருந்து ஒதுங்கிப் போகிறார்கள்.

நார்வே நாட்டின் மாட்ஸ் ஸ்டீனுக்குத் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷென் நோய் இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அவர் நாளின் பெரும்பகுதியைக் கணினி முன் கழித்தார். நண்பர்கள் இல்லாமல், காதல் இல்லாமல், யாருக்கும் பயன்படும் வாய்ப்பே இல்லாமல் மகன் வாழ்ந்து முடிக்கிறானே என்று பெற்றோர் மனம் உடைந்திருந்தார்கள். 2014இல், 25 வயதில், மாட்ஸ் இறந்தார். அவருடைய வலைப்பதிவில் அந்தச் செய்தியை வெளியிட்டார்கள். அடுத்து என்ன நடந்தது என்பதை அவர்களே எதிர்பார்க்கவில்லை. பல நாடுகளிலிருந்து இரங்கல் மடல்கள் வந்து குவிந்தன. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் இபெலின் என்ற பெயரில் மாட்ஸ் பல ஆண்டு வாழ்ந்திருக்கிறார். கணினியைப் பெற்றோர் பிடுங்கிக்கொண்டதால் துவண்டுபோன ஒரு நெதர்லாந்துப் பெண்ணுக்காக, அவளுடைய பெற்றோருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள மகனிடம் நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு, மகனோடு அந்த ஆட்டத்துக்குள் சந்திக்கும்படி வழி சொல்லியிருக்கிறார். அவருடைய குழுவினர் சிலர் வெளிநாடுகளிலிருந்து நார்வேக்கு வந்து இறுதிச் சடங்கில் நின்றார்கள். இந்தக் கதை 2024இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

மாட்ஸ் வாழ்வை வைத்து எல்லாரையும் அளந்துவிட முடியாது. ஆன்லைன் ஆட்டங்களின் குரல் அரட்டையில் காது கூசும் வசவுகளும் உண்டு. பெண் குரல் என்று தெரிந்தாலே துரத்தித் துரத்தி ஏசுகிறவர்களும் உண்டு. அதற்கு மௌனமாக்கும் பட்டன் இருக்கிறது; தெரிந்தவர்களோடு மட்டும் ஆடும் வழியும் இருக்கிறது. வேலைக்காக ஊர் மாறி, நாடு மாறிச் சிதறிய கல்லூரி நண்பர்கள் வாரம் ஒருமுறை ஓர் ஆட்டத்தில் கூடுகிறார்கள் என்றால், அதைத் தனிமை என்று எப்படிச் சொல்வது? முப்பதைத் தாண்டியபின் நட்பைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நம்பிக்கை: சுட்டு விளையாடினால் சுடத் தோன்றும்.

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் பிரிட்டிஷ் பதின்வயதினரையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்ததில், வன்முறை ஆட்டங்களில் செலவிடும் நேரத்துக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல், நிஜ வன்முறைக்குக் கேம்களைக் காரணமாகச் சொல்ல அறிவியல் ஆதாரம் போதாது என்று தெளிவுபடுத்தியது. தோற்றவுடன் கத்துவதும் கன்ட்ரோலரைத் தூக்கி எறிவதும் நடக்கத்தான் செய்கின்றன. பத்து வயதுப் பிள்ளை கையில் பெரியவர்களுக்கான ஆட்டத்தைக் கொடுக்கக் கூடாது என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை.

நம்பிக்கை: தினமும் ஆடினால் அது போதை.

உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்ற ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதில் மணிக்கணக்கு கிடையாது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவது, கேடு வந்தபிறகும் தொடர்வது, இவை பொதுவாக ஓராண்டு அளவுக்காவது நீடித்து வாழ்க்கையைச் சிதைப்பது என்பவைதான் அளவுகோல். வேலைக்கும் வீட்டுக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவரை அது குறிக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டின் இன்னொரு குழு 2022இல் ஏழு ஆட்டங்களை ஆடும் கிட்டத்தட்ட 39,000 பேரை, நிறுவனங்கள் கொடுத்த நிஜ ஆட்ட நேரக் கணக்கோடு ஆராய்ந்தது. எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பது மனநலத்தைச் சொல்லத்தக்க அளவில் உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. ஏன் ஆடினார்கள் என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. விருப்பப்பட்டு ஆடியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆடியே தீர வேண்டும் என்ற உந்துதலில் ஆடியவர்கள் அப்படி இல்லை. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி இதைவிடப் பயனுள்ள ஒரு தகவலை நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டில் இந்த பயத்துக்கு வேறொரு வேரும் இருக்கிறது. 'ஆன்லைன் கேம்' என்றதும் நம் மக்களுக்குப் பணம் கட்டி ஆடும் ரம்மியும், கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். அந்தத் துயரம் நிஜம். அதற்காகத்தான் தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025இல் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. அதே மத்தியச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரிக்கிறது. சூதாட்டத்தையும் கேமையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் காசு கொடுத்து, என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டிகள் கேம்களுக்குள்ளும் புகுந்திருக்கின்றன. 2018இல் பெல்ஜியம் அவற்றைச் சூதாட்டம் என்று அறிவித்தது. நம் வீடுகளிலும் கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

நம்பிக்கை: என்ன ஆடினாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

'செலஸ்ட்' என்றொரு ஆட்டம் 2018இல் வந்தது. பதற்றத்தோடு போராடும் ஓர் இளம்பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். ஆடுகிறவர் நூற்றுக்கணக்கான முறை விழுவார். ஒரு நொடியில் அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவார். தோற்றாலும் யாரும் திட்டுவதில்லை, மதிப்பெண் குறைவதில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் தோல்விக்குத் தண்டனை மட்டுமே கண்ட பெரியவர்களுக்கு, தயக்கமின்றித் தோற்றுப் பழக இப்படி ஓர் இடம் கிடைப்பது பெரிய விஷயம்.

1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' இன்றும் ஆடப்படுகிறது. 2022இல் வந்த அதன் விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடலாம். ஆட்டத்தில் வரும் குடிகள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். அதை ஆடிவிட்டு ராஜேந்திரன் கடல் கடந்து போனது எதற்காக என்று புத்தகம் தேடும் பிள்ளைக்கு, வரலாறு பாடத்திட்டத்துக்கு வெளியே முளைத்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

உடம்பைப் பற்றிய கவலைகளை நான் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அவற்றில் நியாயம் இருக்கிறது. அசையாமல் உட்கார்வது கேடு. தூக்கத்தைத் தின்னும் ஆட்டம் கேடு. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். வளரும் பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே ஓடி ஆட வேண்டும். கிட்டப்பார்வை வராமல் தடுக்க அது உதவுகிறது.

வீட்டில் இருக்கும் அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. புதியவர்களைத் திணறடிப்பது ஆட்டத்தின் கதையோ விதிகளோ அல்ல. இடது கட்டைவிரலால் நடந்துகொண்டே வலது கட்டைவிரலால் பார்வையைத் திருப்புவதுதான். முப்பரிமாண ஆட்டங்கள் பெரும்பாலானவை இதைக் கேட்கும். அதனால் அவற்றில் தொடங்க வேண்டாம். 'டெட்ரிஸ்' நல்லது. நிதானமாக விவசாயம் செய்யும் 'ஸ்டார்டியூ வேலி' இன்னும் நல்லது. எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட ஆட்டம் அது. எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஒலியைக் கூட்டுங்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு, பெரிய பட்டன்களோடு மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்த தனிக் கன்ட்ரோலர் இருக்கிறது. அவர்கள் தடுமாறும்போது கன்ட்ரோலரைப் பிடுங்கி நீங்கள் ஆடிக் காட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.